எந்தக் கரையில் இறங்குவது

தங்கச்சி புருசன் மேல் உனக்குப் பொறாமையா என்று யாராவது கேட்டிருந்தால் எட்வர்ட் சிரித்திருப்பான். வேதமுத்து வலை இழுக்கிறவன். அவனிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது? கரையேறி, மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உப்பு காயாத கையோடு கிட்டாரை எடுப்பான். எடுத்தால் தங்கச்சிமடத்தில் அந்தத் தெருவே நின்று கேட்கும். அதுதான் எட்வர்டுக்குப் பொறுக்கவில்லை.

எட்வர்டும் கிட்டார்க்காரன்தான். கொழும்பில் ஒரு ஹோட்டலில் நாலு வருசம் தட்டுக் கழுவி, அங்கே பாண்டு மாஸ்டராக இருந்த பெரேராவிடம் கெஞ்சிக் கூத்தாடி முறைப்படி கற்றுக்கொண்டு வந்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் அந்தப் பெரேரா பங்குச் சாமியாருக்குக் கடிதம் எழுதினார். தன் பாண்டுக்குக் கிட்டார்க்காரன் ஒருவன் வேண்டும். மதராஸ் போகும் வழியில் இறங்கி, எட்வர்டையும் ஊரில் வாசிக்கிற மற்றவர்களையும் கேட்டுப் பார்ப்பார். தான் ஹார்மோனியத்தில் ஏ மைனர் என்கிற மேல்நாட்டுச் சுரவரிசையைப் பிடிப்பார், அதன் மேல் நோட்டு இல்லாமல் மனசிலிருந்து வாசிக்க வேண்டும். சாமியார் அதைப் பூசை முடிந்ததும் கல்யாண அறிக்கையோடு சேர்த்து வாசித்துத் தொலைத்தார். தன்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் எட்வர்ட் அந்தச் சேதியை அப்படியே அமுக்கியிருப்பான்.

அன்று சாயங்காலமே தங்கச்சி மிக்கேலம்மாள் வந்து நின்றாள். போன வாடைக் காற்றில் வள்ளம் கவிழ்ந்து, ஒரு ராத்திரி முழுக்கப் பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தவன் அவள் புருசன். அன்றிலிருந்து அவளுக்குக் காற்று என்றாலே நடுக்கம்.

"அண்ணே, அவருக்கும் அந்த ஏ மைனரச் சொல்லிக் குடு. அவரு கடலுக்குப் போகாம இருந்தாப் போதும் எனக்கு."

சொல்லிக் கொடுக்கிறேன் என்றான். சொல்லியும் கொடுத்தான். முதலில் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. சி மேஜருக்கு எந்த ஏழு சுரமோ, ஏ மைனருக்கும் அதே ஏழு. சி மேஜர் தெரிந்தவனுக்கு ஏ மைனரில் புதிதாக விரல் பழக ஒன்றுமில்லை என்றான். சொல்லாமல் விட்டது மீதிப் பாதியை. தங்கச்சிமடத்து வள்ளங்கள் வாடை அடித்தால் தென்கரையில் கிடக்கும், தெற்கத்திக் காற்றான சோழகம் அடித்தால் வடகரைக்குப் போகும். வள்ளம் அதேதான், இறங்குகிற கரைதான் வேறு. சி மேஜரில் சுற்றி அலைந்து சி-யில் இறங்க வேண்டும். ஏ மைனரில் ஏ-யில் இறங்க வேண்டும். பாட்டுக்குச் சிரித்த முகமா அழுத முகமா என்பதே அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

வேதமுத்துவுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே கண்ணை மூடி வாசித்தவன், தானாகப் போய் ஏ-யில் இறங்கினான். எட்வர்ட் சட்டென்று கம்பிகளின் மேல் கையை வைத்து நிறுத்தினான்.

"மச்சான், விரலு இங்கன வந்து நிக்கச் சொல்லுது," என்றான் வேதமுத்து.

"அது பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பல் மாப்ள. சின்னப் புள்ளையில இருந்து கேட்டதால வருது. சனங்க டான்ஸ் ஆடுற எடத்துல எழவு வீட்டுப் பாட்டா வாசிப்ப? ஜி-ல ஏறி சி-ல எறங்கு. எல்லாத்துக்கும் சி-தான் வீடு."

பதினைந்து நாள் அதே பாடம். விரல் ஏ பக்கம் போகும்போதெல்லாம் எட்வர்ட் வலை பின்னுகிற ஊசியால் அதன் மேல் ஒன்று போட்டான். வேதமுத்து வலியில் சிரித்துக்கொண்டே, தப்புத்தான் மச்சான் என்று திருத்திக்கொண்டான். இப்படியும் ஒரு அப்பாவி. கடைசி மூன்று நாள் அவன் அடி வாங்கவே இல்லை.

கோயில் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பெரேரா கேட்டார். வேதமுத்து முதலில் உட்கார்ந்தான். முதல் இரண்டு வரிக்கு மாஸ்டர் தலையை ஆட்டினார். பிறகு அவர் ஹார்மோனியத்தில் ஏ-க்குத் திரும்ப, இவன் ஜி-யில் ஏறி சி-யில் போய் உட்கார்ந்தான். பெட்டி ஒரு கரையிலும் கிட்டார் ஒரு கரையிலுமாக நின்றன. மறுபடியும் அதே. அவன் விரல் ஏ மேல் போய்த் தயங்கியதையும், ஊசியடி விழுந்ததுபோலச் சுருங்கித் திரும்பியதையும் எட்வர்ட் பார்த்தான். பெரேரா பெட்டியை மூடிவிட்டுச் சிரித்தார்.

"நான் ஒரு வீட்டுல இருக்கேன், நீ அடுத்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டுறே. கை இருக்கு. காது இல்லை. போய் வலையை இழு."

வாசலில் நின்ற ஊரும் சேர்ந்து சிரித்தது. அடுத்து எட்வர்ட் நாலே வரி வாசித்தான். சப்பையான வரிகள், நாலும் ஏ-யில் இறங்கின. வேலை அவனுக்குக் கிடைத்தது.

வாசலில் நின்று கேட்டிருந்த மிக்கேலம்மாள் அன்று அடுப்படியில் அந்தப் பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பலை மெல்ல முனகிப் பார்த்தாள். பெரேராவின் பெட்டி எங்கே போய் நின்றதோ அங்கேதான் அதுவும் போய் நின்றது. அண்ணன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுத்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. புருசனிடம் சொன்னாள். கொழும்பில் படித்த மச்சானுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று அவன் அவளை அதட்டினான்.

எட்வர்ட் புறப்பட்ட அன்று பாம்பன் ஸ்டேஷனுக்கு இருவரும் வந்திருந்தார்கள். வாடை தொடங்கிவிட்டது. வேதமுத்து தன் கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினான்.

"ஒங்க கிட்டாரு வெடிச்சுக் கெடக்கு மச்சான், இத எடுத்துக்கங்க. காது இல்லாதவனுக்கு எதுக்கு இது."

மிக்கேலம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேல ஒனக்கே இருக்கட்டும்ணே. அவருக்குக் காது இருக்குன்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லிட்டுப் போ."

சொல்லியிருக்கலாம். ரயில் கிளம்பப்போகிறது, இனி யாரும் வேலையைப் பிடுங்கப் போவதில்லை. ஆனால் சொன்னால் இந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"ஒனக்கு ஏன் மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்று அவளிடம் பேச்சை மாற்றிவிட்டு, வேதமுத்துவைப் பார்த்து, "கடல் மோசமா இருக்கு மாப்ள, பாத்துப் போ," என்றான்.

சரி மச்சான் என்றான் வேதமுத்து. எட்வர்ட் கிட்டாரை உள்ளே வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.