கிச்சாவின் பிரேக் ஆயில்

காரைத் தள்ளினால்தான் ஐஸ் பெட்டியை வைக்க இடம் கிடைக்கும். மயிலாப்பூர் வீட்டு போர்ட்டிகோவை அடைத்துக்கொண்டிருந்த அறுபத்தெட்டாம் வருஷத்துக் கறுப்புக் கார், கிச்சா போய்ச் சேர்ந்த அன்றும் ஜம்பமாகத்தான் நின்றது. மகள் நீரஜா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, மெக்கானிக் இனாயத் பாய் பின்னாலிருந்து தள்ளினார். பிரேக்கை மிதித்தால் பெடல் தரைக்கே போயிற்று. கை பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினாள்.

பத்து நாளாக அப்பா சொன்னதும் இதைத்தான். "பிரேக் ஆயில் குறையறதுடி. எங்கயோ லீக்கு." தினம் ஊற்றுவார், பெடலை மிதித்துப் பார்ப்பார், மறுநாள் காலையில் டார்ச்சோடு வருவார். முழங்கால் மடங்காது, நின்றபடியே சக்கரத்தடியில் வெளிச்சம் அடிப்பார். தரையில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. எழுபத்தெட்டு வயசு, ஊற்றாமலே ஊற்றினதாக நினைத்துக்கொள்கிறார் என்று நீரஜா முடிவு கட்டிவிட்டாள். "லீக்கே இல்லாத காருக்கு மெக்கானிக் எதுக்கு?" என்று சாவியையும் பிடுங்கிக்கொண்டு பாலவாக்கத்தில் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கிச்சா சண்டை போடவில்லை. "எனக்குப் புத்தி பெசகிடுத்துன்னு நீ சொன்னா, சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். பாவி மனுஷன், கோபித்துக்கொண்டிருக்கக் கூடாதா? அந்தச் சிரிப்புதான் காலையிலிருந்து அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, இங்க வா" என்று இனாயத் பாய் கூப்பிட்டார்.

சாவு வீடு, வாசல் தெளிக்கவில்லை, கோலமும் இல்லை. காய்ந்த சிமெண்டுத் தரையில், வலது பின்சக்கரம் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். இனாயத் அதைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். சக்கரத்தின் உள்பக்கமும் கையை விட்டுத் துழாவினார்.

"பிரேக் ஆயிலுதாம்மா. வீல் சிலிண்டர்ல ரப்பர் பூட்ச்சு. ஐயரு கரெக்டாத்தான் சொல்லிக்கினு இருந்துகீறாரு."

"அப்ப இத்தனை நாளா ஏன் தரையில தெரியலை?"

"அதான் எனக்கும் புரியல."

நீரஜா கண்ணாடிப் பெட்டியண்டை குனிந்தாள். "அப்பா, வலது பின்சக்கரம். உன் புத்திக்கு ஒண்ணுமில்லை. நான்தான் அசடு." அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மத்தியானம் எடுத்துக்கொண்டு போனார்கள். போனதும் வீட்டை அலம்ப வேண்டும். துடைப்பமும் வாளியுமாக வந்த அம்மா சூடாமணியைப் படியில் உட்காரவைத்துவிட்டு நீரஜாவே தண்ணீரைக் கொட்டினாள்.

"கார் பின்சக்கரம் நின்ன அந்த மூலையில நன்னாத் தேய்" என்றாள் அம்மா. "பத்து நாளா விடிகாலம்பர வாசல் தெளிக்க வந்தா அங்க ஒரே பிசுக்கு. உங்கப்பா வழுக்கி விழுந்து வைக்கப் போறாரேன்னு, அவர் எழுந்து வரதுக்குள்ள ரெண்டு வாளி கொட்டி அலம்பி வெச்சுடுவேன்."

நீரஜாவின் கை நின்றது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. நல்ல காரியம் பண்ணினே" என்று சொல்லிவிட்டு, குனிந்து அந்த மூலையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.