எட்டு நாள் நோட்டீஸ்

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர் மைதானத்துச் சாமான் அறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கோரா பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினாள். சுற்றிலும் மைதானத்தில் கோடு போடும் பெயின்ட் டப்பாக்கள், புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெட்ரோல் கேன்கள். திருநங்கையான அவள் மகளிர் கால்பந்து அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்த நாள்முதல் உடைமாற்ற இந்த அறைதான். 'மத்த பொண்ணுங்க பாதுகாப்புக்காக' என்று மேலாளர் வாரிக் சொல்லியிருந்தார்.

"தலை சுத்துதுடி," என்றாள் கோரா.

வாசலில் நின்ற நெரிடா மோந்து பார்த்தாள். ஆட்டமில்லாத நாட்களில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவள் அவள். வீராங்கனைகள் கைதூக்கித் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதியும் அவள்தான். அந்தப் பொறுப்பில் இருப்பவர் சட்டப்படி முதலாளிக்கே நோட்டீஸ் கொடுக்கலாம். எட்டு நாளில் குறையைச் சரிசெய்தாக வேண்டும்.

அன்றே எழுதினாள்: காற்றோட்டமில்லை, பெட்ரோல் ஆவி, தீ அபாயம். நடைவழிச் சுவரில் ஒரு நகலை ஒட்டினாள்.

"எனக்கே நோட்டீஸா?" என்றார் வாரிக்.

"பின்ன, பெயின்ட் டப்பாவுக்கா குடுப்பாங்க?"

நடைவழியில் கூடியிருந்த அணிப் பெண்கள் விசிலடித்தார்கள்.

எட்டாம் நாள் வாரிக் நெரிடாவையும் கோராவையும் சாமான் அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். டப்பாக்கள் போய்விட்டன. காற்றை வெளியேற்றும் விசிறி, ஹீட்டர், நீளமாகப் புது பெஞ்சு. கதவில் கோராவின் பெயர், பித்தளைத் தகட்டில்.

"நீ எழுதினது ஒண்ணு விடாம செஞ்சாச்சு, நெரிடா. குறை தீர்ந்துச்சுன்னு கையெழுத்துப் போடு."

நெரிடாவின் முகம் சுண்டியது. பெயின்ட்காரியின் மூக்கை வைத்து எழுதிவிட்டாள். ஒருத்தியைத் தனியே ஒதுக்கியதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"விடுடி. ஹீட்டராவது கெடச்சுதே," என்றாள் கோரா, தரையைப் பார்த்தபடி.

நெரிடா பேனாவை வாங்கினாள்.

"இப்ப இந்த ரூம் பாதுகாப்பானதுதானே, வாரிக்?"

"நூத்துக்கு நூறு."

"யார் வேணா உக்காரலாம்?"

"தாராளமா."

கையெழுத்துப் போட்டாள். பிறகு தன் பையைக் கொண்டுவந்து பெஞ்சில் பொத்தென்று போட்டாள். "தள்ளி உக்காருடி."

"குளிர்ல நாங்க வெறைக்கிறோம், இவளுகளுக்கு ஹீட்டரா?" என்று அடுத்தவள் நுழைந்தாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர், அப்புறம் மொத்த அணியும். கொஞ்ச நேரத்தில் முழங்கையும் முதுகும் இடித்துக்கொண்டன.

"ஐயோ, யாரு காலுடி இது?"

"என்னோடதுதான், மிதிக்காதே!"

கோரா வாய்விட்டுச் சிரித்தாள். வாரிக் நடைவழியில் கையெழுத்திட்ட தாளோடு நின்றார். இருபத்திரண்டு பேரும் தோளோடு தோள் உரச அவரைக் கடந்து மைதானத்துக்குப் போனார்கள்.

எதிரே, மற்ற பெண்கள் இதுவரை உடைமாற்றிய பெரிய அறையில் ஆளில்லாமல் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. சுவரில் வரிசையாக இருபத்தொரு கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். கடைசியில் இன்னொரு கொக்கி. அதன் மேல் பெயரில்லை.