சுரங்கத்தில் நாற்பது நிமிடம்

ஆக்லாந்தின் தகனினி பகுதியில் இருந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஷாமளாவுக்கு உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. மருத்துவமனையில் பதினோரு மாதம் ஓயாத நர்ஸ் வேலை. கிடைத்த இரண்டு வார லீவில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கத்தான் நினைத்திருந்தாள். கணவர் திவாகர் விடவில்லை. இங்கிலாந்தில் கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்குப் பேசி, டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

அறுபதடி நீளம், ஏழடி அகலம். நடக்கிற வேகத்தில்தான் போகும். மூன்றாம் நாள் ஒரு சுரங்கம் வந்தது. இருநூறு வருஷத்துக்கு முன் மலையைக் கையால் குடைந்து கால்வாயை உள்ளே விட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போய்ச் சேர நாற்பது நிமிடம்.

பாதி தூரத்தில் படகு சுவரில் முட்டி உரசியது. அடுப்படியில் இருந்த ஷாமளா பின்பக்கம் ஏறி வந்தாள். திவாகர் சுக்கானை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்திருந்தார். செங்கல் கூரையிலிருந்து தண்ணீர் அவர் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. மூச்சு முட்டுது. என்னால முடியல, ஷாமளா."

நாடியைப் பிடித்தாள். தாறுமாறான வேகம். எதிரே தூரத்தில் இன்னொரு படகின் விளக்கு தெரிந்தது. "மூச்ச மெதுவா விடுங்க" என்று சொல்லிவிட்டு சுக்கானைப் பிடித்தாள். இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் ஒதுங்கும் என்று முதல் நாள் சொல்லித் தந்தது நல்லவேளையாக நினைவிருந்தது. எதிர்ப்படகு ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது. அதிலிருந்த கிழவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

வெளிச்சத்துக்கு வந்து படகைக் கரையில் கட்டிய பிறகுதான் திவாகர் வாயைத் திறந்தார்.

"நம்ம ஊர் வாட்டர்வியூ டனல்ல கார் ஓட்டும்போது ரெண்டு தடவ இப்படி ஆச்சு. மார்ச்லேர்ந்து அந்தப் பக்கமே போறதில்ல. ஊரச் சுத்தித்தான் வேலைக்குப் போறேன்."

"ஆபீஸ்ல வேலை அதிகம்னு சொன்னீங்க."

"பொய்தான். மெதுவா போற படகுல ஒரு தடவ தாண்டிட்டா பயம் விட்டுரும்னு நெனச்சேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தாள். அசதிதான் வந்தது. ஆறு மாதமாக அவர் தாமதமாக வந்ததையும், சாப்பாட்டை அளைந்ததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்பதற்குத் தெம்பில்லாமல் ஒவ்வொரு ராத்திரியும் படுத்துவிட்டாள்.

படகைத் திருப்பி ஒப்படைக்க அதே சுரங்கம் வழியாகத்தான் போக வேண்டும். ஐந்தாம் நாள் அதன் வாயில் திவாகர் வெளிறி நின்றார்.

"அந்தக் காலத்துல இந்தப் படகுகள குதிரைதான் இழுக்குமாம். சுரங்கம் வந்தா அவுத்து மலை மேல நடத்திக் கூட்டிட்டுப் போவாங்களாம். பாதை இன்னும் இருக்கு" என்றாள் ஷாமளா. "நீங்க அதுல வாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பயணத்தில் முதல் சிரிப்பு.

அவள் இருட்டுக்குள் தனியாகப் போனாள். தோள் கடுத்தது. மருத்துவமனையில் போல யாரும் கூப்பிடவில்லை, மணி எதுவும் அடிக்கவில்லை. அந்தப் பக்கம் வந்தபோது திவாகர் காலெல்லாம் சேறாக, இரைக்க இரைக்க நின்று கயிற்றை வாங்கிக் கட்டினார்.

ஆக்லாந்து திரும்பியதும் வீட்டுக்குப் பக்கத்தில் பாபகூராவில் டாக்டரைப் பார்த்தார்கள். குணமாக மாசக்கணக்காகும் என்றார் அவர். திவாகர் இப்போது ரயிலில் வேலைக்குப் போகிறார். வந்ததும் ஷாமளா, "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறாள். கண் சொக்கினாலும், அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.