பெட்டிக்குள் போகாத மீன்கள்

பன்னிரண்டு மீன்கள் வழியில் காணாமல் போயிருந்தன. சின்ன மீன்கள் அல்ல; ஒவ்வொன்றும் ஓர் ஆளைவிட நீளம்.

கழிவு ஆலையிலிருந்து வந்த கடிதத்தை ஆரெலி மேசைமேல் வைத்தாள். ஆறு வியாழக்கிழமைகளில் அனுப்பியதாக ஆரெலியின் மீன் பாதுகாப்புச் சங்கம் எழுதியிருந்தது அறுபத்தொரு மீன். ஆலைக்கு வந்து சேர்ந்தது நாற்பத்தொன்பது.

“பெரியவை மட்டும்தான் குறைகின்றன,” என்றாள் ஆரெலி. திட்டத்துக்கு அவள்தான் பொறுப்பு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மீன் ஏற்றும் வான் எங்கெல்லாம் நின்றது என்று அதன் ஜி.பி.எஸ். பதிவில் பார்த்தேன். ஆலைக்குப் போகிற வழியில், வியாழன்தோறும், பரிஸ் நகரத்தில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் இரண்டு மணி நேரம். அங்கே மீன் கடைகள் நிறைய, இல்லையா?”

எதிரே உட்கார்ந்திருந்த யசோதினிக்கு முகம் சுட்டது. வானை ஓட்டுகிறவன் லவன், அவளுடைய பெரியம்மாவின் மகன். வேலைக்குச் சிபாரிசு செய்தவளும் அவள்தான்.

“ஒரு கிழமை பொறுங்கள். நான் விசாரிக்கிறேன்,” என்றாள்.

அவர்கள் வேலை செய்வது செய்ன் ஆற்றில், பரிஸ் நகரத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஓர் அணையில். கடலிலிருந்து வரும் மீன்கள் அணையைத் தாண்டி மேலே ஏறுவதற்காக, அதன் ஓரமாகப் படிப்படியாக நீர் விழும் கால்வாய் ஒன்று உண்டு. வசந்தத்தில் அலோஸ் மீன்கள் முட்டையிட அந்த வழியாகத்தான் போகும். வெள்ளிபோல் மின்னும் மீன், நம்முடைய உல்லம் மீனுக்கு உறவு. கால்வாய்ச் சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னலும் அதன் பின்னால் ஒரு கமராவும் இருந்தன. அதைக் கடக்கும் மீன்களை எண்ணுவது யசோதினியின் வேலை. எண்ண எதுவுமில்லாத நாட்களே அதிகம்.

காரணம் சிலூர். கெளுத்தி என்றும் சொல்லும் கெளிற்று இனத்தில் ராட்சதன். இந்த ஆற்றுக்குச் சொந்தமில்லாத அதை எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கால்வாயின் வாசலில் காத்துக் கிடந்தால் இரை தானாக வாய்க்குள் வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. வாசலில் கூடும் சிலூர்களைப் பிடித்து அகற்றுவதுதான் திட்டம். வியாழன்தோறும் ஜூலியன் என்ற மீனவர் வலை இழுப்பார். யசோதினி மீன்களை அளந்து படம் எடுத்துவிட்டுக் கமரா அறைக்குப் போய்விடுவாள். ஜூலியன் மீன்களைக் கொன்று, பெட்டியில் அடுக்கிப் பூட்டுவார். மத்தியானம் லவன் வந்து பெட்டியை ஏற்றுவான். செய்ன் ஆற்றின் சேற்றில் பழைய தொழிற்சாலை நஞ்சு இன்னும் கிடக்கிறது, சிலூரின் கொழுப்பில் அது தங்கும். ஆகவே அந்த மீனை விற்கக் கூடாது; கழிவு ஆலையில் அழிக்க வேண்டும்.

அன்று மாலை ரயிலில் அவள் லவனைப் பற்றியே யோசித்தாள். இரண்டு மாதமாக அவன் அவள் வீட்டுச் சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. தோளில் ஒரு கறுப்புப் பை புதிதாகச் சேர்ந்திருந்தது. யாராவது கிட்டப் போனால் அதன் சிப்பை இழுத்து மூடுவான். தொலைபேசி அடித்தால் எழுந்து வெளியே போவான். அவன் மீன்களைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை என்பதுகூட இப்போது அவளுக்கு ஒரு மாதிரியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை அவள் லா சப்பலில் இருக்கும் தவரத்தினத்தின் மீன் கடைக்குப் போனாள். அவள் குழந்தையாக இருந்தபோதிலிருந்து வீட்டுக்கு மீன் வாங்கும் கடை.

“அங்கிள், பெரிய கெளிறு இருக்கோ?”

“இருக்குப் பிள்ளை. வியட்நாம் சாமான். வெட்டித் தரவோ?”

“ஆத்து மீன் இல்லையோ? இஞ்சத்த ஆறு?”

அவர் கையில் கத்தி நின்றது. “இஞ்சத்த ஆத்து மீனை ஆர் வாங்கிறது?”

“வியாழக்கிழமையில லவன் அண்ணா இந்தப் பக்கம் வாறவரோ?”

தவரத்தினத்தின் கண் ஒரு கணம் பின்னறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. “வருவார், போவார். ஏன் கேக்கிறீர்?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கிற கேள்வி மாதிரி இல்லையே.” அவர் மீன் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்கி அவள் முன் வைத்தார். “வாசியும். இஞ்சை எல்லாத்துக்கும் கடுதாசி இருக்கு.”

அதில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பின்னறையைப் பார்த்த அந்தப் பார்வைக்கு என்ன கடுதாசி? அரைக் கிலோ இறால் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், தெருவில் அடுத்தடுத்து இருந்த மூன்று கடைகளிலும் ஐஸ் தட்டுகளை எட்டிப் பார்த்தாள். தன்னை யாரோ கவனிப்பதுபோல இருந்தது. தானும் திருட்டு வேலை செய்வதுபோல இருந்தது.

ஞாயிறு மத்தியானம் லவன் அவள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் படிக்கட்டிலேயே நின்றான்.

“கடையில போய் என்னைப் பற்றி விசாரிச்சியாம்.”

“மீன் குறையுது அண்ணா. பன்னிரண்டு மீன். வான் லா சப்பலில நிக்குது. நான் என்ன நினைக்கிறது?”

“என்னட்டைக் கேட்டிருக்கலாம்.”

அவன் கறுப்புப் பையைத் திறந்து உள்ளே இருந்ததைப் படியில் வைத்தான். ஒரு பிரெஞ்சு இலக்கணப் புத்தகம், எழுதி நிரப்பிய, ஓரம் சுருண்ட கொப்பி, பரீட்சைக்கு வரச் சொல்லும் கடிதம்.

“பிரெஞ்சு நாட்டுரிமைக்கு எடுக்கிற மொழிச் சோதினை. போன முறை பெயில். வியாழக்கிழமை மூண்டு மணிக்குத்தான் ஒரு மணித்தியால வகுப்பு இருக்கு. அதுக்கு முதல் தவரத்தினம் அண்ணையின்ரை பின்னறையில இருந்து படிக்கிறனான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு நான்தான் கேட்டனான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீ இஞ்ச பிறந்தனி. நான் பிரெஞ்சில ஒரு வசனம் சொன்னா நீ சிரிக்கிறனி.”

அது உண்மை. அவள் சிரித்திருக்கிறாள், பலர் முன்னாலும்.

“வானை அங்கை நிப்பாட்டினது பிழை. அதுக்கு என்னை ஏசு,” என்றான் லவன். “ஆனா பெட்டி பூட்டினபடிதான் என்ரை கைக்கு வாறது. பூட்டின்ரை திறப்பு ஜூலியனிட்டையும் ஆலையிலையும்தான் இருக்கு. இன்னொண்டையும் கேள். ராட்சத மீன் பிடிபட்டது எண்டு நீ சொல்லுற நாளிலயும் நான் தனியத்தான் தள்ளி ஏத்துறன். அது எப்பிடி எண்டு நீதான் யோசி.”

அவன் போனபிறகும் அவளால் முழுதாக நம்ப முடியவில்லை. ஒரு திறப்பைப் பார்த்து இன்னொரு சாவி வெட்டலாம். கொப்பியைக் காட்டுகிறவன் வேறு எதையாவது மறைக்கலாம். தன் மனம் ஓடும் ஓட்டம் அவளுக்கே பிடிக்கவில்லை, ஆனால் அதை நிறுத்தவும் முடியவில்லை.

நிறுத்தியது ஒரு மீன்.

செவ்வாய்க்கிழமை கமராப் பதிவை ஓட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் கலங்கிய நீரில் ஒரு பெரிய தலை மெல்ல வந்தது. இடப்பக்க மீசை பாதியில் அறுந்திருந்தது. வால் பக்கமாக உள்ளங்கை அளவில் வெள்ளைத் தழும்பு. அவள் பழைய படங்களைத் தேடி எடுத்தாள். பத்தொன்பது நாட்களுக்கு முன் அவளே அளந்து, ‘அகற்றப்பட்டது’ என்று எழுதிய மீன். காணாமல் போன பன்னிரண்டில் ஒன்று.

கடையில் வெட்டி விற்ற மீன் ஆற்றில் நீந்தாது.

அவள் ஆரெலியை அழைத்துத் திரையைக் காட்டினாள். ஆரெலி பழைய படத்தைத் திரையோடு ஒட்டிப் பிடித்து ஒப்பிட்டாள்.

அந்த வியாழன் பதினொரு சிலூர் பிடிபட்டன. யசோதினி வழக்கம்போல அளந்து, படம் எடுத்து, மேலே கமரா அறைக்குப் போனாள். இருபது நிமிடம் கழித்து ஆரெலியுடன் இறங்கி வந்தாள். பெட்டி பூட்டியிருந்தது. ஜூலியன் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“திறங்கள், ஜூலியன்,” என்றாள் ஆரெலி.

“இப்போதுதானே மூடினேன்.”

“திறங்கள்.”

உள்ளே எட்டு மீன்கள் இருந்தன. மிகப் பெரிய மூன்றும் இல்லை. அப்போது ஜூலியனின் படகில், பச்சைத் தார்ப்பாய்க்குக் கீழே, ஏதோ பலமாக அடித்துக்கொண்டது. யசோதினி தார்ப்பாயை விலக்கினாள். தண்ணீர் நிரப்பிய தொட்டியில் மூன்றும் உடம்பு வளைந்து கிடந்து மூச்சு விட்டன.

ஜூலியன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயது மனிதர், பத்து வயதிலிருந்து இந்த ஆற்றில் மீன் பிடிக்கிறவர்.

“சின்னதை அடித்துக் கொல்வேன்,” என்றார். “இதுகளை முடியவில்லை. இதில் ஒன்று என் மகளைவிட மூத்ததாக இருக்கும். மணல் தோண்டிய பள்ளம் ஒன்றில் குளம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டேன். ஆற்றோடு தொடர்பில்லை என்று நினைத்தேன்.”

“போன கிழமை வெள்ளத்தில் குளமும் ஆறும் ஒன்றாகிவிட்டதே. விட்டதெல்லாம் திரும்ப வாசலுக்கு வந்துவிட்டது. அலோஸ் ஒன்றுகூட மேலே ஏறவில்லை,” என்றாள் யசோதினி.

அவர் தலையைக் குனிந்தார்.

“லவன் மேல் சந்தேகம் போகும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?” என்று கேட்டாள் யசோதினி.

ஜூலியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். “என்னை யாருமே கேட்கவில்லையே. ஒருவர் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.”

ஆரெலி கையை நீட்டிப் பெட்டியின் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஜூலியனின் ஒப்பந்தம் அன்றே முடிந்தது. வேறோர் ஆற்றிலிருந்து புதிய மீனவர் வந்தார். குளத்திலும் வலை போட்டார்கள், கால்வாய் வாசலிலும் போட்டார்கள். மே மாத நடுவில் ஒரே கிழமையில் நாற்பத்து மூன்று அலோஸ் கண்ணாடியைக் கடந்தன. போன வசந்தம் முழுவதிலும் போனதைவிட அதிகம். யசோதினி அதை ஆரெலியிடம் சொன்னபோது இருவரும் சந்தோஷப்பட்டார்கள், ஆனால் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை.

ஆரெலி லவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாள். வகுப்பு நேரத்துக்கு ஏற்றபடி அவன் வேலை நேரத்தையும் மாற்றினாள். அவன் தலையசைத்தான். வேலையை விடவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை வைத்தான்: தன் கண் முன்னால் எண்ணாமல் எந்தப் பெட்டியையும் இனி ஏற்றமாட்டான்.

அடுத்த வியாழன் அவன் பெட்டியின் முன் நின்று மீன்களை ஒவ்வொன்றாக எண்ணினான். யசோதினி எதிரே நின்றாள்.

“ஒம்பது. சரியோ?”

“ஓம், அண்ணா.”

அவன் தாளை நீட்டினான். “இதில ஒரு கையெழுத்து வையுங்கோ.”

இதுவரை அவளை ‘நீ’ என்று மட்டுமே கூப்பிட்டவன், வெளியாளிடம் பேசுவதுபோல ‘வையுங்கோ’ என்றான். அவள் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள். அவன் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, புதிய மீனவரின் உதவியோடு பெட்டியை வானில் ஏற்றினான்.