வீட்டுக் காற்று

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க சார், ஸ்ட்ரெச்சர் திரும்பாது" என்றார் அமரர் ஊர்திக்காரர்.

தம்பியும் அத்தானும் தோள் கொடுத்துப் பீரோவைத் தள்ளினார்கள். அது கிறீச்சிட்டு நகர்ந்ததும் பின்சுவர் வெளியே தெரிந்தது. தரையிலிருந்து இடுப்புயரம் வரை கன்னங்கரேலென்று பூஞ்சை பூத்து, ஓரங்களில் பச்சை படர்ந்திருந்தது. அதற்கு இரண்டடி தள்ளிக் கட்டிலில் அக்கா கிடந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று கடைசி வாரம் முழுக்க உட்கார்ந்தே தூங்கியவளை இன்றைக்குத்தான் நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

ஊர்திக்காரர் புறங்கையால் மூக்கை மூடிக்கொண்டார். அத்தான் சுவரைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

"நீ அப்பவே வந்து பாத்தியேப்பா."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

தம்பி வந்து பார்த்தது உண்மைதான். கட்டடங்களின் காற்றைச் சோதித்துச் சொல்வது அவன் தொழில். அவனுடைய ஆய்வுக்கூடத்துக்குப் பாதி வேலை தருவதே இந்தக் குடியிருப்பின் உரிமையாளர்கள்தான். போன மழைக்காலத்தில் குடியிருந்தவர்கள் சுவர்ப் பூஞ்சையால்தான் இருமலும் இரைப்பும் என்று அவர்கள்மீது வழக்குப் போடக் கிளம்பியபோது அக்கா இவனைக் கூப்பிட்டாள்.

அளப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க ஜன்னல்களை மூடி வைக்க வேண்டும்; அப்போதுதான் வீட்டுக் காற்றில் இருப்பது கருவியில் தெரியும். அவனோ நுழைந்ததுமே, "என்னக்கா இப்படிப் புழுங்குது" என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டான். உரிமையாளர்களுக்காகப் போகிற வீடுகளில் செய்து செய்து கைக்குப் பழகிப்போன காரியம். பீரோவை நகர்த்தச் சொல்லவில்லை. அறைக்கு நடுவில், காற்றோட்டத்தில், கருவியை வைத்தான்.

"ஏண்டா சின்னவனே, என் வீட்டுக் காத்தை டப்பாவுல பிடிச்சுட்டுப் போறியே, திருப்பித் தருவியா?" என்று சிரிக்கப் போய் இருமினாள் அக்கா.

உள்ளே இருந்த காற்றும் வெளிக்காற்றும் ஒன்றுதான் என்று கணக்கு வந்தது. "பூஞ்சையாலதான் நோய்னு யாரும் அடிச்சுச் சொல்லலக்கா. ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளேயே சண்டை" என்றான். ஈரச்சுவர் இரைப்பைக் கிளறிவிடும் என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. அதையும் தாண்டி என்னென்ன செய்யும் என்பதில்தான் சண்டை. அவன் சண்டையை மட்டும் சொன்னான்.

இப்போது கீழ்வீட்டுத் தையல்காரம்மா அறை வாசலில் நின்றபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வழக்குல எல்லாரும் சேர்ந்தோம் தம்பி. உங்கக்கா மட்டும் மாட்டேன்னுட்டாங்க. 'என் தம்பியைவிடவா உங்க வக்கீலுக்குத் தெரியும்?'னு எங்களையே மடக்குவாங்க. அவ்வளவு பெருமை உங்க மேல." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: "பீரோவுக்குப் பின்னால பாத்தீங்களா?"

அவன் ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். தலைப்பக்கம் அவனுக்கு வந்தது. கனமே இல்லை.

எல்லாம் முடிந்து அக்கா வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அத்தான் கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா மகள், தோளில் தூங்கிவிட்ட குழந்தையோடு, அவன் நின்றிருந்த அக்காவின் அறைக்குள் வந்தாள்.

"டாக்டரைக் கேட்டேன் மாமா. இதனாலதான்னும் சொல்ல முடியாதாம், இல்லன்னும் சொல்ல முடியாதாம். நீங்களே சொல்லுங்க. அப்பாவைத் தனியா விட முடியாது. பாப்பாவோட நான் இங்கயே வந்துடலாமா?"

வழக்கமான அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து நின்றது. யாரும் அடிச்சுச் சொல்லல. அது இப்போதும் பொய்யில்லை. அக்காவின் நுரையீரலைக் கெடுத்தது எது என்று அவனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரு நாளில் அவன் ஜன்னலைத் திறந்து வைத்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்மா."

"அன்னைக்கு அரை மணி நேரத்துல அளந்து முடிச்சீங்களே?"

"ராத்திரி அப்பாவையும் பாப்பாவையும் கூட்டிட்டு நம்ம வீட்டுக்குப் போயிடு. அத்தை சமைச்சு வச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு முதல் ஜன்னலைச் சாத்தினான். பிறகு அடுத்ததை.

"ஏன் மாமா மூடுறீங்க? அம்மாவுக்கு மூச்சு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

கடைசி ஜன்னலின் கொக்கி துருவேறி மாட்ட மறுத்தது. கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான்.