கிண்ணத்துப் பல்

"பொய்ப்பல்லு, ஆடுற பல்லு ஏதும் இருக்கோ?"

"இல்லை சேர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. மயக்கத்திலை குழாய் விடேக்கை கழண்டால் தொண்டைக்குள்ளை போயிடும்."

"எல்லாம் சொந்தப் பல்லுத்தான்."

காலையில் மயக்கமருந்து டொக்டருக்கு இப்படிச் சொன்ன இராசதுரையின் பார்வை, கட்டிலோரம் நின்ற மனைவி புஷ்பவதியைத் தொட்டுவிட்டு விலகியதை அவள் திரும்பத் திரும்ப நினைத்தாள். அவருக்கு இரண்டு முன்பற்கள் பொய் என்பது கலியாணமான கிழமையே அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்துவிட்டாள். கிணற்றடியில் அவர் வாய் கொப்பளித்தால் வாளியைத் தட்டிச் சத்தம் காட்டிவிட்டுத்தான் போவாள். அவர் பல்லை மாட்டிக்கொள்ள நேரம் வேண்டுமே. மாம்பழத்தைக் கீலமாக வெட்டியே கொடுப்பாள். அந்த மரியாதையே இன்று அவரைக் கொன்றுவிடுமோ?

வார்டுத் தாதி மிஸ்ஸியிடம் தானே சொல்லிவிடப் போனாள். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் காயக்காரர் வந்திறங்கியிருந்தார்கள்; விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. மிஸ்ஸியைக் காணாமல் திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. இந்தமுறை அவள் சத்தம் காட்டவில்லை.

"சீனன்குடாவிலை ஆமிக்காரன் மறிச்சுத் துவக்குப்பிடியாலை ஒரு இடி, மிஸ்ஸி. அடுத்த கிழமை பொம்பிளை பாக்கப் போகவேணும். ஓடிப்போய்க் கட்டின பல்லு." பல்லில்லாமல் காற்றுக் கலந்த அவருடைய அந்தக் குரலை அவள் கேட்டதேயில்லை. "மனுசிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ."

மிஸ்ஸி குணேஸ்வரி சிரித்தாள். அவரும் சிரித்தார்.

உயிருக்குப் பயமில்லை இனி. நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்தது அதுவல்ல. காலையில் கண்ட ஒருத்திக்கு வாயையும் திறந்து, கதையையும் சொல்லி, சிரித்தும் காட்டியாயிற்று. தனக்கு வாய்த்தது அடைத்த உதடும் அளந்த புன்னகையும். குணேஸ்வரியின் நேர்வகிடுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

துணி மூடிய கிண்ணத்தோடு குணேஸ்வரி வெளியே வந்தாள்.

"தாங்கோ மிஸ்ஸி. நான் வைச்சிருக்கிறன்."

தண்ணீருக்குள் இரண்டு பற்கள், குழந்தையினதுபோலச் சின்னதாகக் கிடந்தன. திரையை விலக்கினாள். அவர் பதறிப் போர்வையை மூக்குவரை இழுத்தார். ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகும் தள்ளுகட்டிலின் சில்லுச் சத்தம் விறாந்தையில் நெருங்கி வந்தது.

புஷ்பவதி கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தாள்.

"போர்வையை எடுங்கோ," என்றாள். "எனக்கும் ஒருக்காச் சிரிச்சுக் காட்டுங்கோ."