வாசலில் ஒரு பச்சை முகம்

நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குத் திருப்தியாம். அதனால் தாதியருக்கு வலி தணிப்புப் பயிற்சி வேண்டாம் என்று மருத்துவமனை இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆறு மாதம் உட்கார்ந்து அந்தப் பாடங்களைக் கணினியில் தயாரித்த தலைமைத் தாதி ருதைனாவுக்கு அது பொறுக்கவில்லை. யாருக்குத் திருப்தி என்று பார்த்துவிடலாம் என வாசலுக்கு இறங்கினாள்.

அங்கே வெளியே போகிற நோயாளிகளிடம் கருத்துக் கேட்க ஊழியர் நாயிஃப் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். திரையில் பச்சையாக ஒரு சிரித்த முகம், சிவப்பாக ஒரு சுளித்த முகம். சிகிச்சை முடிந்து கிழவி உம்மு மிஷ்அல் வெளியே வந்தாள். அவளுடைய வெந்த கையில் ஒட்டியிருந்த பழைய கட்டைத் தண்ணீர்கூட விடாமல் உள்ளே பிய்த்திருந்தார்கள். அவள் அலறியது மாடிவரை கேட்டிருந்தது.

"வைத்தியம் எப்படி இருந்துச்சு, ஹாஜியம்மா?"

"அல்ஹம்துலில்லாஹ், மகனே."

நாயிஃப் பச்சை முகத்தை அமுக்கினான்.

"அடப்பாவி, அவங்க அல்லாஹ்வைப் புகழ்ந்தாங்க. உன் ஆஸ்பத்திரியை இல்ல. மையத்து கிடக்கிற சாவு வீட்டுல கேட்டாலும் நாம அதைத்தானே சொல்லுவோம்?" என்றாள் ருதைனா.

"அவங்க சொன்னதுக்குத்தானே அமுக்கினேன், சிஸ்டர்."

ருதைனா கிழவியிடம் திரும்பினாள். "ஹாஜியம்மா, நாளைக்கு உங்க மக கை வெந்துபோனா இங்க கூட்டிட்டு வருவீங்களா?"

உம்மு மிஷ்அல் கட்டுப்போட்ட கையை மார்போடு இழுத்துக்கொண்டாள். "இங்கயா? அல்லாஹ் அவளைக் காப்பாத்தட்டும்."

"இப்ப அமுக்கு," என்றாள் ருதைனா. "எந்த முகம்னு அதையும் நானே சொல்லணுமா?"